அறளை பெயருமுன்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கினால், உண்ட பின்னரும் உண்ணவில்லையென்று முறையிட்டால், வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்குப் போகவேண்டுமென்று எழுந்து நின்றால், "அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்பர். அவ்வாறு சொல்லிச் சிரித்துவிட்டு அப்பாற் செல்வதும் உண்டு. யானும் சிறுபிராயத்தில் அவ்வாறு சிரித்தவர்களுள் ஒருவனே. பல ஆண்டுகளின் பின்னர் அச்சொல்லை எங்கள் வீட்டைச் சுட்டி அயலார் சொல்லக் கேட்டபொழுது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தமிழாசிரியன் ஒருவன் மருத்துவத்தையும் சட்டத்தையும் பற்றி எழுதப்புகுவது ஏன் என்று அன்பர்கள் வினவக்கூடும். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதே என் தொழில். ஏனைய துறைகளில் யான் மாணாக்கன். ஆயினும், காலங்கடந்து கற்ற பாடமொன்றைக் காலத்தோடு பிறர்க்குச் சொல்லிவைத்தல் ஆசிரியன் கடமையென்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

சொல்லும் நோயும்

மறதியெல்லாம் ஒரு தன்மையன அல்ல. திருக்குறளிலே பொச்சாவாமை என்றோர் அதிகாரம் உண்டு. ஆண்டு வள்ளுவர் கடிவது, மகிழ்ச்சியின் மிகுதியால் ஒருவன் தன் கடமையை மறக்கும் சோர்வினை. அது முயற்சியால் தவிர்க்கக்கூடியது. ஆதலின் அதனைக் கடிதல் தகும். மூளையின் கலங்கள் அழிவதனால் வரும் மறதியோ அத்தகையதன்று. அதற்காக ஒருவரைக் கடிந்துகொள்வது, கண்ணொளி இழந்தவரை ஏன் ஏடு வாசிக்கவில்லையென்று கடிவதை ஒக்கும். முன்னையதைப் பொச்சாப்பு என்றும், பின்னையதை மறதிநோய் என்றும் நாம் வேறுபடுத்தி வழங்குதல் நலம். சொல் வேறுபட்டால் மனப்பான்மையும் சிறிது வேறுபடும்.

புறநானூற்றின் 243ஆம் பாட்டை மேல்வகுப்பு மாணவர் அறிவர். தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், கோலூன்றி நடக்கும் முதுமையிலே, இளமையில் தோழரோடு நீரிற் பாய்ந்து விளையாடிய நாளை நினைந்து இரங்கும் பாட்டு அது. முதியோர்க்கு அண்மைக் காலத்தினும் சேய்மைக் காலமே தெளிவாய்த் தோன்றும் என்று பல்லாண்டுகளாக அதற்கு விளக்கங் கூறி வந்திருக்கின்றேன். மறதிநோயிலும் பெரும்பாலும் அவ்வாறே நிகழ்கின்றது. காலையில் உண்டது மறைந்துபோகும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கண்டது நிற்கும். ஆனால், இளமை கழிந்துவிட்டது என்பது அப்புலவருக்குத் தெரிந்திருந்தது. அது தெரியாமற் போவதே நோய்.

இந்நோயின் வரலாறு சுருங்கச் சொல்லத்தக்கது. ஜெர்மனியிலே, பிராங்க்ஃபர்ட் நகரத்து மருத்துவமனைக்கு 1901ஆம் ஆண்டில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் கொண்டுவரப்பட்டார். அவரைப் பரிசோதித்த அலோயிஸ் அல்சைமர் என்னும் மருத்துவர், அவர் இறந்தபின் மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, 1906ஆம் ஆண்டில் மருத்துவர் கூட்டமொன்றில் தாம் கண்டதை எடுத்துரைத்தார். 1910ஆம் ஆண்டில் அந்நோய் அவர் பெயராலேயே வழங்கப்படலாயிற்று. மறதிநோய்கள் பலவற்றுள் இதுவே மிகுதியாகக் காணப்படுவது. மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதுறுவதால் வருவது இன்னொரு வகை. 2021ஆம் ஆண்டில் உலகிலே 5 கோடி 70 லட்சம் மக்கள் மறதிநோயுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எமது நாட்டிலே ராகமைப் பகுதியில் நடத்தப்பெற்று 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தோரில் 100க்கு ஏறத்தாழ 4 பேருக்கு இந்நோய் இருக்கக் கண்டது.

ஈண்டு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். மறதி கண்ட இடமெல்லாம் இந்நோய் என்று முடிவு கட்டுதல் தவறு. விற்றமின் பி12 குறைவு, தைரொயிட் சுரப்பியின் குறைபாடு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு, தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் உறைதல் ஆகியவற்றாலும் நினைவு தடுமாறும். இவை மருத்துவத்துக்கு இணங்குவன. ஆதலின், "வயசு போனால் இப்பிடித்தான்" என்று வாளாவிருத்தல், தீர்க்கக்கூடியதையும் தீராததாக்கிவிடும்.

ஐயாவின் பெட்டி

எங்கள் தந்தையாரை நாங்கள் ஐயா என்றே அழைப்போம். அவரும் தமிழாசிரியர், கந்தபுராண படனத்திலே பயன் சொல்வதில் எங்கள் அயலிற் பெயர்பெற்றவர். 2008ஆம் ஆண்டில் ஒரு நாள், கோயிலிலே ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, ஐயா அதற்குப் பயன் சொன்னார். அடுத்த செய்யுள் வாசிக்கப்பட்டது. ஐயா முன்னைய செய்யுளின் பயனையே மீண்டும் சொன்னார். வாசித்தவர் சற்றுத் தயங்கினார். பின்னர் மரியாதையினால் ஒன்றும் கூறாது மேலே வாசித்தார். கேட்டிருந்தோரும் பேசவில்லை. உடனிருந்த யானும் பேசவில்லை. எல்லோருடைய மரியாதையும் சேர்ந்து எங்களுக்கு ஈராண்டுகளைப் போக்கிவிட்டது.

போக்கியது மரியாதை மாத்திரமன்று. அக்காலத்தில் தங்கையின் மகளுக்குத் திருமணம் பேசி வந்தனர். "அண்ணை, இதை வெளியில கதைக்காதேங்கோ. குடும்பத்தில விசர் எண்டு சொல்லிப் பிள்ளையின்ர சம்பந்தத்தைக் குழப்பிப் போடுவாங்கள்" என்று தங்கை கேட்டுக்கொண்டாள். அவள் சொன்னதைப் பிழையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரின் இயல்பை அறிந்தவர்கள் அவளைக் குறை கூறார். ஆகவே மருத்துவரிடம் போகவில்லை. எவரிடமும் யோசனை கேட்கவில்லை. ஐயாவிடமுமே ஒன்றும் கேட்கவில்லை. அவர் தம் விருப்பங்களைத் தெளிவாகச் சொல்லத்தக்க நிலையில் இருந்த காலம் அதுதான் என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தமை வாசகர் அறிந்ததே. அன்று ஐயா காணி உறுதிகளையும் சாதகக் குறிப்புகளையும் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்து, துவிச்சக்கர வண்டியிற் கட்டிக்கொண்டு, சனநெரிசலின் நடுவே பாலத்தைக் கடந்தார். நோய் முற்றியபோது அந்த இரவு நாள்தோறும் திரும்பி வந்தது. விளக்கு வைக்கும் நேரமானதும் அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடுவார். "வெளிக்கிடுங்கோ பிள்ளையள், பாலம் அடைக்க முன்னம் போகவேணும்" என்பார்.

"ஐயா, சண்டை முடிஞ்சு போச்சு, நாங்கள் வீட்டிலதான் நிக்கிறம்" என்று யான் எத்தனையோ முறை விளக்கினேன். விளக்க விளக்க அவருக்குப் பதற்றமே மிகுந்தது. என் மனைவிதான் வழி கண்டாள். "ஓம் மாமா, வெளிக்கிடுவம். வழியில சாப்பாடு கிடையாது, இப்ப ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போவம்" என்றாள். அவர் அமர்ந்து உண்டார். உண்டு முடித்ததும் பயணத்தை மறந்தார். முப்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் நான் கற்றுக்கொள்ளாத ஒன்றை அன்று கற்றேன்: அச்சத்தில் இருப்பவருக்கு வேண்டியது திருத்தம் அன்று, துணை.

2011ஆம் ஆண்டில் ஓரிரவு எங்கள் கண்ணுக்குத் தப்பி அவர் புறப்பட்டுவிட்டார். விடியற்காலையில், கண்டி வீதியோரத்துத் தேநீர்க் கடையொன்றில், மடியிலே பெட்டியை வைத்துக்கொண்டு இருக்கக் கண்டோம். கடைக்காரர் அவருக்குத் தேநீர் கொடுத்து அமர்த்தியிருந்தார். "பேர் கேட்டா சொல்லத் தெரியேல்லை, புராணம் மட்டும் வடிவாச் சொல்லுறார்" என்றார். ஐயாவின் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதந்தானும் இருக்கவில்லை.

கையொப்பம்

அடுத்த ஆண்டில் வேறோர் இடர் வெளிப்பட்டது. வீட்டுக்குப் பின்புறத்து ஆறு பரப்புக் காணியை ஐயா தம்பிக்கு நன்கொடை உறுதியாக எழுதி வைத்திருந்தார். உறுதி 2010ஆம் ஆண்டுக்குரியது. நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு முறைப்படி எழுதப்பட்டது. அக்காணி தன் மகளுக்கென்று ஐயா பலமுறை வாக்களித்திருந்தார் என்றாள் தங்கை. ஐயா ஒரு காலைப்பொழுதில் தெளிந்த மனத்தோடு தாமாகவே விரும்பித் தந்தார் என்றான் தம்பி. இருவர் சொல்வதும் மெய்யாயிருக்கலாம். கேட்டறியத்தக்க ஒருவர் எங்கள் திண்ணையிலேயே இருந்தார். அவரிடம் கேட்கும் காலம் போய்விட்டிருந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. அது முடியுமுன்னர், 2014ஆம் ஆண்டில், ஐயா சிவபதம் அடைந்தார். கொள்ளி வைத்த அன்றும் தம்பியும் தங்கையும் ஒருவரோடொருவர் பேசவில்லை. பின்னர் தம்பி கனடாவுக்குச் சென்றுவிட்டான். காணி இன்றும் பற்றை வளர்ந்து கிடக்கின்றது.

இவ்வநுபவத்தின் பின்னரே சட்டத்தறிஞர் சிலரைக் கண்டு கேட்டறிந்தேன். அறிந்தவற்றுள் எல்லோர்க்கும் வேண்டியனவற்றை ஈண்டுத் தொகுத்துத் தருகின்றேன்.

காணியுறுதி நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. மரணசாதனமும் அவ்வாறு எழுதப்படலாம். நொத்தாரிசு இல்லாவிடத்து ஐந்து சாட்சிகள் வேண்டும். ஆயின், சாட்சிகள் எத்தனை பேர் இருப்பினும், ஒப்பமிடுபவர் தாம் செய்வதை விளங்கியிருத்தல் அதனினும் முதன்மையானது. 1870ஆம் ஆண்டில் ஆங்கில நீதிமன்றம் ஒன்று மரணசாதனத்துக்கு வகுத்த அளவுகோல் இன்றும் போற்றப்படுவது: தாம் எழுதுவது இன்னதென்று அறிதல், தம் உடைமை எவ்வளவென்று அறிதல், தம்மிடம் உரிமை எதிர்பார்க்கத்தக்கவர் யாவரென்று அறிதல், அவ்வறிவைத் திரிக்கும் மயக்கம் இன்மை. நோய் தொடங்கிய அன்றே ஒருவர் இவ்வாற்றலை முழுவதும் இழந்துவிடுவதில்லை. ஒரு காரியத்தை விளங்கக்கூடியவர் இன்னொன்றை விளங்க மாட்டாதிருப்பர். காலையில் தெளிவாயிருப்பவர் மாலையில் மயங்குவர். ஆதலின், ஐயம் உள்ளவிடத்து, ஒப்பமிடும் நாளிலேயே மருத்துவர் ஒருவரின் எழுத்துச் சான்றைப் பெற்று உறுதியோடு வைத்தல் பின்வரும் வழக்கைத் தடுக்கும். எங்கள் தம்பி அன்று அதனைச் செய்திருப்பின், அவன் சொல்லுக்கும் தங்கையின் சொல்லுக்கும் நடுவே ஒரு சான்று நின்றிருக்கும்.

அற்றோணித் தத்துவம் பற்றி நம்மவரிடையே ஒரு பிழையான எண்ணம் உண்டு. "பிள்ளைக்கு அற்றோணித் தத்துவம் எழுதிவிட்டேன், இனிக் கவலையில்லை" என்பர். ஒருவர் தமக்காக இன்னொருவரைச் செயற்பட விடுவதே அது. எழுதியவர் மனத்தெளிவை இழந்தால், வழக்கமான அற்றோணித் தத்துவத்தின் வலுவும் அதனோடு போய்விடும். எந்த நாளுக்கென்று எழுதினாரோ அந்த நாளில் அது உதவாது. இங்கிலாந்திலே 2005ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டமொன்று, மனத்தெளிவு போன பின்னும் நிலைக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு வழி செய்தது. நம்மவர் பலர் அந்நாட்டில் வாழ்வதால் அதனையும் இதனையும் ஒன்றென்று மயங்குகின்றனர். இந்நாட்டில் மனத்தெளிவு இழந்தவரின் சொத்தைப் பராமரிக்க வேண்டின், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். நீதிமன்றம் விசாரித்து, சொத்துக்கு ஒரு முகாமையாளரையும் ஆளுக்கு ஒரு பாதுகாவலரையும் நியமிக்கும். அது காலமும் பொருளும் கொள்ளும் வழி.

தேசவழமைக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. 1911ஆம் ஆண்டில் வந்த யாழ்ப்பாணத்து விவாக உரிமை, முதுசொம் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, மனைவி தன் பெயரிலுள்ள காணியையும் கணவனின் எழுத்துச் சம்மதமின்றி விற்றல் இயலாது. கணவன் மனத்தெளிவு இழந்தானாயின் அச்சம்மதத்தை எவர் தருவது? அப்பொழுதும் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியையே பெறவேண்டும். கணவனின் மருத்துவச் செலவுக்காகத் தன் சீதனக் காணியை விற்க முயன்று, நீதிமன்ற வாயிலில் நிற்கும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, தெளிவு உள்ளபோதே செய்யத்தக்கவை சில உண்டு. வங்கிக் கணக்கை இருவரில் எவரேனும் இயக்கத்தக்க கூட்டுக் கணக்காக்கலாம். பிள்ளைகளுக்குக் காணியை எழுதுவோர், தமக்கும் துணைக்கும் சீவிய உருத்தை நிறுத்தி எழுதலாம். அதனை நிறுத்தாது எழுதிவிட்டுத் தம் வீட்டிலேயே விருந்தாளியானவர்களை யான் அறிவேன். எழுதியதை எல்லாப் பிள்ளைகளும் கேட்க ஒருமுறை வாசிக்கலாம். பெற்றோர் தம்மைத் தாமே பேண இயலாதபோது அவர்களைப் பராமரித்தல் பிள்ளைகளின் கடமையென்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. அதற்கென ஒரு பராமரிப்புச் சபையும் உண்டு. சட்டம் வரை செல்லாதிருத்தலே குடும்பத்துக்கு அழகு. ஆயினும் அது உண்டென்பதை அறிந்திருத்தல் தீங்கன்று.

மனையும் கிணறும்

இனி, உடலின் பாதுகாப்பு. எங்கள் வீடுகள் நினைவுள்ளவர்களுக்காகக் கட்டப்பட்டவை. கிணற்றுக் கட்டு முழங்காலளவே இருக்கும். எத்தனையோ ஆண்டுகள் அதனருகில் நின்று குளித்தவருக்கு அது ஆபத்தாய்த் தோன்றாது. நினைவு தடுமாறும்போது அதே பழக்கம் அவரை இருளில் கிணற்றடிக்கு இட்டுச் செல்லும். நாங்கள் ஐயாவின் கிணற்றுக்கு இரும்புவலை மூடி இட்டது, அவர் கண்டி வீதியிற் கண்டெடுக்கப்பட்ட பின்னரே. அதற்கு முன் இட்டிருக்கவேண்டும்.

தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிகொல்லிப் போத்தலை மாட்டுக்கொட்டிலின் தட்டில் வைப்பது நம் வழக்கம்; அது பூட்டிய பெட்டியில் இருத்தல் வேண்டும். மண்ணெண்ணெயைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்தலாகாது. எரிவாயு அடுப்பின் திறப்பை இரவில் உருளையிலேயே அடைக்கவேண்டும். மாத்திரைகளை நாளுக்கு நாள் பிரித்து ஒருவர் கையால் கொடுக்கவேண்டும். "குடித்தேனோ, இல்லையோ" என்று ஐயுற்று இரண்டாம் முறை குடிப்போர் பலர். படுக்கையறையிலிருந்து மலசலகூடம் வரை இரவில் மங்கலான ஒரு விளக்கு எரியட்டும். படலையில் ஒரு சிறு மணி கட்டினால் திறக்கும் ஓசை உள்ளே கேட்கும். சட்டையின் உட்புறத்திலே பெயரையும் வீட்டாரின் தொலைபேசி இலக்கத்தையும் தைத்துவிடுதல் எளிது. மோட்டார்ச் சைக்கிளை எப்போது விடவேண்டும் என்பதை, ஓட்டக்கூடியவராய் இருக்கும்போதே அவரோடு பேசி ஒரு முடிவுக்கு வருதல் நன்று. பின்னர் திறப்பை ஒளித்து வைத்தால் வீட்டில் போரே நடக்கும்.

இவை எல்லாவற்றினும் பெரிய காவல் ஒன்று உண்டு. ஒழுங்கை முகப்பிலுள்ள கடைக்காரருக்கும், சந்தியில் நிற்கும் முச்சக்கர வண்டிக்காரருக்கும், கோயில் ஐயருக்கும், அயல் வீட்டாருக்கும் நோயைச் சொல்லிவிடுதல். நாங்கள் மூன்று ஆண்டுகள் மறைத்ததை அவர்கள் எப்போதோ அறிந்திருந்தனர். நாங்கள் நோகக்கூடாதென்று அவர்களும் மறைத்தனர். சொன்ன பின்னர் ஐயா எங்கு சென்றாலும் யாரேனும் ஒருவர் கைபிடித்து அழைத்து வந்தனர். தங்கையின் மகளுக்கும் அதனால் ஒரு குறையும் வரவில்லை. நல்ல இடத்தில் மணம் நிறைவேறிற்று.

எனது கொப்பி

நிற்க. இவற்றையெல்லாம் அறிந்தபின்னும், எனக்கென்று யான் ஒன்றும் செய்யவில்லை. பிறந்தவுடன் பிள்ளைக்குச் சாதகம் எழுதுவித்து, எண்பது வயதில் வரும் கண்டத்தையும் கேட்டறியும் நாம், மறதி வரின் என்செய்வது என்று பேசுவதை மாத்திரம் அபசகுனம் என்கின்றோம். யானும் அவ்வாறே இருந்தேன்.

சென்ற ஆண்டில் ஒரு நாள் வகுப்பிலே பகுபத உறுப்புகளைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, விகாரம் என ஐந்தைக் கரும்பலகையில் எழுதினேன். ஆறாவது வரவில்லை. எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிவந்த சொல். கையிலே வெண்கட்டியோடு நின்றேன். முன் வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி மெல்ல, "சாரியை, சேர்" என்றாள். வகுப்பு அமைதியாயிருந்தது. அந்த அமைதியை யான் முன்னரே ஒருமுறை கேட்டிருக்கின்றேன்; கோயில் மண்டபத்திலே, ஐயா இரண்டாம் முறை பயன் சொன்னபோது.

அந்த வாரமே மருத்துவரிடம் சென்றேன். இரத்தப் பரிசோதனையில் விற்றமின் பி12 குறைவு என்று கண்டார். ஊசி மருந்து தந்தார். சைவ உணவினருக்கு இக்குறைவு நேர்வது உண்டாம். இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்துமாறும், செவிப்புலன் குறைந்தால் கருவி அணியத் தயங்கவேண்டாம் என்றும் அறிவுறுத்தினார். 2024ஆம் ஆண்டில் வெளிவந்த அறிஞர் குழுவொன்றின் அறிக்கை, இவைபோன்ற 14 காரணிகளைக் கவனித்தால் உலகின் மறதிநோய்களுள் ஏறத்தாழ 100க்கு 45 பங்கைத் தடுக்கவோ தாமதிக்கச் செய்யவோ கூடும் என்கின்றது. இப்போது சாரியை மறக்கவில்லை. ஆயினும் அன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன்.

அதில் எழுதியவை இவை. எனக்குத் தெளிவு போனால் என் பொருட்டு முடிவு செய்ய முதலில் மனைவி, அவளுக்கு இயலாதவிடத்து மகள். மகன் மூத்தவன், அவன் மனம் நோகும் என்று தயங்கினேன். அவனோ கொழும்பில் இருக்கின்றான். மகள் அருகில் இருக்கின்றாள். முறையைப் பார்க்காது நிலைமையைப் பார்த்து எழுதினேன். அவனுக்கும் அதனைச் சொல்லிவிட்டேன். ஒரே பாடத்தை யான் இருமுறை நடத்தக் கண்டால், மரியாதை பாராது என்னிடம் வந்து சொல்லுமாறு சக ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டேன். உறுதிகள் எங்குள்ளன, கடன் யாருக்கு எவ்வளவு, ஓய்வூதியம் எந்த வங்கிக்கு வருமென்று எழுதினேன். இயலுமளவும் வீட்டில் வைத்திருக்கவேண்டும். என்னைப் பார்ப்பதால் மனைவியின் உடல் நலிவுறுமாயின், சம்பளத்துக்கு ஓர் ஆளை வைக்கத் தயங்கவேண்டாம், அதனை என் சேமிப்பிலிருந்து செலவிடுக என்றும் எழுதினேன். விழுங்கவும் இயலாத இறுதி நிலையில், மீளும் வழியில்லையென்று மருத்துவர் கருதுவாராயின், குழாயிட்டு உணவு செலுத்தி நாளை நீட்டவேண்டாம் என்றேன். இறுதியாக, சைவனாகிய யான் அந்நிலையில் அறியாது மீன் கேட்டாலும் தரவேண்டாம் என்று எழுதினேன்.

கொப்பியை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையசைத்து வந்தவள் மீனில் நின்றுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, பசிச்சுக் கேட்டா நான் என்ன செய்யிறது? மாமா கடைசிக் காலத்தில எத்தினையெல்லாம் கேட்டவர். இல்லையெண்டு சொன்னா அவர் அழுத அழுகை உங்களுக்குத் தெரியும்."

"நான் இப்ப தெளிவா இருந்து சொல்லுறது பெரிசில்லையோ?" என்றேன்.

"இப்ப சொல்லுறது நீங்கள்தான். அப்ப கேக்கப்போறதும் நீங்கள்தான். அண்டைக்குப் பக்கத்தில நிக்கப்போறது நான். அதை எனக்கு விடுங்கோ."

நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். இன்றைய என் விருப்பத்துக்கும், அன்று என்னுடலில் இருக்கப்போகும் ஒருவரின் விருப்பத்துக்கும் நடுவே எது நீதி என்று தீர்க்க என் கல்வி உதவவில்லை. முன்கூட்டி எல்லாவற்றையும் விதியாக எழுதிவிடலாம் என்று எண்ணியது என் இலக்கணப் பழக்கம். விதி செல்லாத இடத்தில் துணிவதற்கு நம்பிக்கையான ஒருவரைத் தெரிந்துகொள்வதே எழுத்தினும் முதன்மையானது. அவ்வரியை வெட்டி, "இதனை அவளுக்கு விட்டேன்" என்று எழுதி, இருவரும் ஒப்பமிட்டோம். இக்கொப்பி நீதிமன்றத்தில் உறுதியாக நிற்குமென்று யான் கருதவில்லை. என் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து, "அப்பா என்ன விரும்பியிருப்பார்?" என்று வினவும் நாளில், அவர்களுக்கு ஒரு விடை இருக்கும்.

சில நாட்களின் பின் தம்பி தொலைபேசியிற் பேசினான். கொப்பியைப் பற்றிச் சொன்னேன். வெகுநேரம் அவன் பேசவில்லை; தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஐயுற்றேன். பின்னர், "அண்ணை, ஐயா அண்டைக்கு விளங்கித்தான் கையெழுத்து வைச்சவரோ எண்டு உண்மையில எனக்கும் தெரியாது. அதைத் தங்கச்சிக்குச் சொல்லவேணும்" என்றான்.

சொல்லுமாறு கூறினேன். இன்னும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்வான் என்று நம்புகின்றேன். இதனை வாசிக்கும் ஆசிரிய அன்பர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டில் பெற்றோர் தெளிவாய் இருக்கும் ஒரு காலைப்பொழுதைத் தெரிந்து, அருகில் அமர்ந்து, அவர்கள் விருப்பத்தைக் கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். எழுதியதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.